‘மாறினவங்க’ என்கிற பட்டம்

மீனாட்சிபுரம் எங்க வடகரைக்குக் கிட்டத்து ஊர். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே ஏறத்தாழ 180 பள்ளர் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போயின. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 2019-ல் தென்காசி மாவட்டம் பிரிந்தது. 2021-ல் சாதியின் பேரும் தேவேந்திரகுல வேளாளர் என்று சட்டத்தில் மாறியது. அக்கம்பக்கம் கட்டின பேர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் பேரப்பிள்ளையைக் காட்டி, “அவுக மாறினவங்க” என்றுதான் சொல்லுதாக. மாறினது தாத்தா. முஸ்லிமாகவே பிறந்த பிள்ளை எதிலிருந்து எதற்கு மாறிச்சு?

பட்டம் கட்டுவதில் ஒரு வசதி உண்டு. கட்டிவிட்டால் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. 1981-ல் வாஜ்பாய் முதலான தலைவர்கள் வந்தார்கள். ‘அரபுப் பணம்’ என்று இந்துத்துவ அமைப்புகள் கூவின. தீண்டாமையும் போலீஸ் தொல்லையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்துபோயின. இந்த மாற்றத்தை எதிர்ப்பின் வழிமுறையாகப் படித்த அப்துல் மாலிக் முஜாஹித்தின் ஆங்கில ஆய்வு நூல் 1989-ல்தான் வந்தது.

அரசின் முத்திரை வேறு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் கதவு சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்தது. முஸ்லிமுக்கும் கிறித்தவருக்கும் இன்னும் திறக்கவில்லை. அண்ணன் வீட்டில் அட்டவணைச் சாதிச் சான்றிதழ் உண்டு, மதம் மாறிய தம்பி வீட்டில் கிடையாது. சட்டத்துக்குத் தம்பி தலித் இல்லை. சம்பந்தம் பேச வருகிறவனுக்கு மட்டும் தலித்.

அன்வர் பாலசிங்கத்தின் ‘கருப்பாயி என்கிற நூர்ஜஹான்’ நாவல் கைவைப்பது இந்த இடத்தில்தான். மதம் மாறிய குடும்பத்துப் பெண்களுக்கு மாப்பிள்ளை அமையாத துயரத்தை அது பேசுகிறது. வலி தலைப்பிலேயே இருக்கிறது: நூர்ஜஹான் ஆன பிறகும் கருப்பாயியை அந்த ‘என்கிற’ விடுவதாயில்லை. “பாத்தீரா, அங்கயும் சாதிதான” என்று இந்நாவலைச் சாட்சிக்குத் தூக்கி வருகிறவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: டீக்கடையில் தனிக் கிளாஸ் வச்சது யாரு வே? ‘இஸ்லாத்தில் சாதி இல்லை’ என்று சொல்லி நாவலை ஒதுக்குகிறவருக்கும் பதில் உண்டு: வேதத்தில் இல்லாதது சம்பந்தத்தில் இருக்கிறது.

நம்ம பங்கும் இதில் உண்டு, தோழர்களே. தலித் மேடைகளில் மீனாட்சிபுரத்தை ‘எதிர்ப்பின் குறியீடு’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! குறியீட்டுக்குப் பசிக்காது, கல்யாண வயசும் ஆகாது. மதம் மாறாமல் அதே ஊரில் இருந்துகொண்ட குடும்பங்களை ‘அடிமைப் புத்தி’ என்று ஒரே வார்த்தையில் தள்ளினோம். அந்தப் பேச்சை நானும் பேசியிருக்கிறேன். ஏன் இருந்தீர்கள் என்று ஒருதரம்கூட அவர்களிடம் கேட்டதில்லை. நம்மைக் கேட்காமலே நம்மைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன ஆதிக்க சாதிக்காரனுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் என்ன வித்தியாசம்?

அடையாளமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ‘தலித்’ நாம் எடுத்துக்கொண்ட பேர். வைத்துக்கொள்ளவும், வேண்டாம் என்பவர் இறக்கிவைக்கவும் உரிமை உண்டு. பட்டம் அடுத்தவன் கட்டுவது. பிள்ளைக்கும் பேரனுக்கும் கடன்போல வந்து சேரும். அந்த ஊரைப் பற்றி இனி எழுதப் போகிறவர்கள் முதலில் அந்தத் தெருவில் போய் உட்காரட்டும். “ஒங்கள என்னன்னு கூப்பிடணும்?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறக்கட்டும்.