சுவரேறி வந்த பக்தி

கூடாவொழுக்கத்திற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அகத்தில் இல்லாததைப் புறத்தில் காட்டும் பொய்ம்மை எச்சமயத்தார்க்கும் பொதுவான நோய். கிறித்தவ உலகில் அந்நோயை நுட்பமாக ஆராய்ந்த இலக்கியங்களுள் ஒன்று, ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’. அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை இயற்றி 1894-இல் வெளியிட்டார். மூலநூலின் காட்சியொன்றைக் கொண்டு, மெய்ப்பக்தியும் வெற்றுச் சடங்கும் எங்கே பிரிகின்றன என ஈண்டுக் காண்போம்.

பயணி இடுக்கமான வாயிலின் வழியே நுழைந்து, சிலுவையடியில் தன் முதுகுச் சுமை நீங்கப்பெற்று நடக்கிறான். அப்போது இருவர் பக்கச் சுவரேறிக் குதித்து அவனோடு சேர்ந்துகொள்கின்றனர். ஒருவன் சடங்காசாரன், மற்றவன் மாயக்காரன். வீண்பெருமை நாட்டிற் பிறந்த அவர்கள் புகழை நாடிப் புறப்பட்டவர்கள். வாயில் வழியே வாராதது ஏன் என்று பயணி வினவ, அது சுற்றுவழி என்றும், சுவரேறுதல் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தம் நாட்டு வழக்கம் என்றும் விடையிறுக்கின்றனர். கட்டளைகளையும் நியமங்களையும் பயணிக்குக் குறையாமல் கைக்கொள்வோம் என்றும் உறுதி கூறுகின்றனர்.

பனியனின் நுண்மை இங்கேதான் விளங்குகிறது. அவர் இவர்களைக் குடிகாரராகவோ நாத்திகராகவோ படைத்தாரல்லர். பாதை ஒன்றே, நடையும் ஒன்றே. சமதரையில் மூவருக்கும் வேற்றுமை காண்பது அரிது. பாதை ‘கடினம்’ என்னும் மலையடியை அடைந்ததும் வேற்றுமை தோன்றுகிறது. பயணி ஊற்றுநீர் பருகி மேலே ஏறுகிறான். மற்ற இருவரும் மலையின் இருபுறமும் பிரியும் எளிய வழிகளைத் தேர்கின்றனர். ஒருவழியின் பெயர் ஆபத்து. மற்றதன் பெயர் அழிவு. சுமையை உணராமல் வந்தவனுக்கு மலையேறும் காரணம் இல்லை என்பதே இக்காட்சியின் உட்பொருள். சடங்கு தவறு என்று பனியன் கூறவில்லை. துன்பம் வருங்கால் சடங்கு மட்டும் தாங்காது என்கிறார்.

இந்நூலில் வாயாடி என்றொருவனும் வருகிறான். வேதப்பொருளை அவன் பேசக் கேட்போர் மயங்குவர். அவன் இல்லத்திலோ வேண்டுதலும் இல்லை, மனம் வருந்துதலும் இல்லை. பணியாட்கள் அவனிடம் படும் பாடு பெரிது. பக்தியின் உரைகல் ஆலயம் அன்று, அடுக்களையும் வாயிற்படியுமே என்பது பனியனின் தீர்ப்பு எனலாம்.

இத்தீர்ப்பு பிறர்மேல் எறிந்த கல் அன்று. பாத்திரம் பழுதுபார்த்துப் பிழைத்த பனியன், இளமையில் தாமே அத்தகையவராயிருந்ததை 1666-இல் வெளிவந்த தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். நாள்தவறாத ஆலய வழிபாடும், குருவின் அங்கியின்பால் கொண்ட பெருமதிப்பும் அன்று அவருக்கு நிறைவளித்தன. ஒருநாள் பெட்ஃபோர்டு நகரில், வெயிலில் வாயிற்படியில் அமர்ந்து தம் உள்ளத்தில் இறைவன் செய்ததைப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரின் சொற்களைக் கேட்டார். தம்மிடம் அது இல்லை என உணர்ந்தார். பின்னர் 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தார். போதிப்பதில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் ஏறிய மலை அது.

எளிய உரைநடையில் அமைந்த இக்கதையைக் கம்பன் நெறியில் விருத்தமாக்கியது, எளியோன் பயணத்திற்குப் பட்டாடை போர்த்தியது ஆகாதோ என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் ஓரளவு நியாயம் உண்டு. வருணனை நீளும் இடங்களில் பயணி கண்ணுக்கு மறைகிறான் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அக்கவிஞர் பாடியது பிறப்பால் வந்த சமயத்தை அன்று, தேடி அடைந்ததை. மூலத்தில் இல்லாத கிறித்துவின் பாடுகளை விரித்துரைத்ததும், இடையிடையே தேவாரங்கள் அமைத்ததும் அத்தேட்டத்தின் விளைவே. அங்கெல்லாம் மரபு வடிவம் உள்ளத்தை மறைக்கவில்லை, திறந்து காட்டுகிறது. வடிவம் வெறுமையாவது, இட்டு நிரப்ப ஒன்றும் இல்லாதபோதுதான்.

தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இக்காட்சி அயலானதன்று. ஆயிரமாண்டு வழக்கம் என்னும் சொல் நம் நாவிலும் எளிதில் வருகிறது. கிறித்தவ இல்லமாயினும் பிற இல்லமாயினும், இந்த வழிபாடு எதற்கு என்று நம் மக்கள் கேட்கும்போது, வழக்கம் என்பதையே நாம் விடையாகத் தந்தால், சுவரேறி வந்தவரின் விடையையே தந்தவராவோம். வாயில் வழியே வந்தவரின் விடை, நம் வாழ்க்கையிலிருந்து வரவேண்டும்.