எந்தப் புலவர் சொன்னார்?

திணை, மரபு, வழக்கு, மேற்கோள், தகவலாளர். எம்.ஏ. தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு இவற்றைக் கலைச்சொற்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தராசுக்குச் சாதி இல்லை, அதுபோல் கலைச்சொல்லுக்கும் சாதி இல்லையாம். தராசைப் பிடித்திருக்கிற கை யாருடையது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு விதி இருக்கிறது. அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் பிறர் ஏவிய வேலையைச் செய்கிறவர்களும் காதலிக்கலாம். ஆனால் அந்தக் காதல் ஐந்திணைக்குப் புறத்தேதான் நிற்க வேண்டும். கைக்கிளையும் பெருந்திணையும்தான் அவர்களுக்கு என்று உரைகாரர்கள் இடம் ஒதுக்குகிறார்கள். இளம்பூரணர் காரணமும் சொல்கிறார்: பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்கள் அறம், பொருள், இன்பம் வழுவாமல் நடப்பது அரிதாம், நாணமும் அவர்களுக்குக் குறைவாம். அன்றைய அடியோர்தான் இன்றைய தலித்துகள் என்று நான் சாதிக்க வரவில்லை. உழைக்கிறவனை வெளியே நிறுத்துகிற வேலை இலக்கணத்திலேயே நடந்திருக்கிறது என்கிறேன். திணையை இயற்கையோடு இயைந்த தமிழர் வாழ்வு என்று மேடைதோறும் பேசுகிறவர்கள் இந்த நூற்பா வந்தால் மட்டும் வேகமாகத் தாண்டிப் போயிடுறாங்க.

அந்த நூற்பா எப்படி முடிகிறது என்று பாருங்கள். புலவர் இப்படிச் சொல்வர் என்று முடிகிறது. எந்தப் புலவர்? எந்த நூலில்? பேரு கிடையாது. தொல்காப்பியம் நெடுக 'என்ப', 'மொழிப' என்றே போகிறது. முன்னோர் சொன்னார் என்பதே அங்கே ஆதாரம். அதற்கு மரபு என்று மரியாதை. நம்ம கிழவி 'எங்க ஆத்தா சொல்லுச்சு' என்றால் அது வாய்வழிச் செய்தி, சரிபார்க்க வேண்டியது.

1812இல் சென்னையில் திருக்குறள் மூலபாடம் அச்சேறியது. அச்சிட்ட ஞானப்பிரகாசன் பெயர் முகப்பில் இருக்கிறது, தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டன் கந்தப்பன், குறள் ஏட்டையும் நாலடி ஏட்டையும் துரை மூலமாக எல்லிஸிடம் சேர்ப்பித்ததாக அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். 1907இல் தொடங்கித் தம் கடைசிக்காலம் வரை 'தமிழன்' நடத்தியவர் அவர். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் வந்த பிறகுதான் பலர் கைக்குக் கிடைத்தன. கந்தப்பன் பேரைச் சொன்ன உடனே 'ஆதாரம் எங்கே?' என்கிறார்கள். கேட்கட்டும். ஆதாரம் கேட்பது ஆய்வின் முறைதான், நாமும் தேடித்தான் ஆக வேண்டும். அதே கேள்வியை 'என்ப' என்றவர்களிடமும் கேளுங்கள் என்பதுதான் நம் வழக்கு.

நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளைப் புரட்டுங்கள். அட்டையில் தொகுத்தவர் பெயர். ஒப்பாரி பாடிய அம்மா பின்னிணைப்பில் கிடக்கிறாள்: பெயர், வயது, சாதி, ஊர். அவளுக்குப் பட்டம் 'தகவலாளர்'. நெஞ்சில் அடித்துக்கொண்டு, சொல்லைத் தேடி, அடி கட்டிப் பாடினவள் தகவல் சொன்னவளாம்! ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிட்டுப் போனவர் ஆசிரியராம்!

'கொச்சை' என்கிற சொல்லும் இந்த வேலையைத்தான் செய்கிறது. 1992இல் பாமாவின் கருக்கு பேச்சு மொழியிலேயே வந்தது. அதைக் கொச்சை என்றவன் மொழியையா அளந்தான்? பேசின வாயை அளந்தான். அக்கிரகாரத்துப் பேச்சைக் கதையில் எழுதினால் நடை. சேரிப் பேச்சை எழுதினால் கொச்சை.

ஆகவே நம் பக்கங்களிலாவது சில வழக்கங்களை மாற்றுவோம். பாடினவரைப் பாடலாசிரியர் என்றே போடுவோம், பாட்டுக்கு மேலேயே, அவர் சம்மதத்தோடு. பேர் வெளியே வந்தால் ஊரில் சங்கடம் என்று அவர் சொன்னால் பேரை மறைப்போம். அந்தக் காரணத்தையும் எழுதி வைப்போம். சாதிப் பெயர் எதற்கு என்று யோசித்து, தேவையானால் மட்டும் எழுதுவோம். அப்படி எழுதினால் தொகுத்தவரின் சாதியையும் பக்கத்திலேயே எழுதுவோம். மேற்கோள் காட்டும்போது அச்சில் வந்தது, காதால் கேட்டது இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்போம்: சொன்னது யார், எங்கே, எப்போது, யாரிடம்.

'என்ப' என்று முடித்துவிட்டு இனி யாரும் எழுந்து போக முடியாது.