சிறைப்பட்ட மனமும் கண்ணாடிப் பேழையும்

உயர்கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர். பட்டதாரிகளின் தொகையையும் அவர்கட்குக் கிடைக்கும் வேலைகளையும் கணக்கிட்டுக் காட்டுவதோடு பெரும்பாலோர் நிறைவடைந்து விடுகின்றனர். அக்கல்வி மனத்தை என்ன செய்கிறது என்று கேட்டவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் நாட்டுப் பேராசிரியர் சையத் ஹுசேன் அலாத்தாஸ் (1928–2007). சிங்கப்பூரில் மலாய் ஆய்வியல் துறைக்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கிப் பின்னர் 1988இல் மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர்.

1972இலும் 1974இலும் வெளிவந்த கட்டுரைகளில் ‘சிறைப்பட்ட மனம்’ என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். மேலைச் சிந்தனையை ஆராயாது அப்படியே பின்பற்றும் மனம் அது. புதிய வினா ஒன்றை எழுப்ப அதற்கு இயலாது. தன் சமுதாயத்தின் தலையாய சிக்கல்களிலிருந்து அது விலகியே நிற்கும். எல்லாவற்றினும் கொடிது, தான் சிறைப்பட்டிருப்பதை அது அறியாதிருப்பது. இம்மனம் எழுத்தறியாதவனிடம் பிறப்பதன்று; உயர்கல்வி நிலையங்களிலேயே உருவாவது என்றார் அவர். அவர் கூற்றின் கூர்மை அங்கேதான் உள்ளது. மேலை அறிவே வேண்டா என்று அவர் சொன்னாரல்லர். ஆம்ஸ்டர்டாமில் பயின்ற அவர், எண்ணிப் பார்த்துக் கொள்ளும் பயனுள்ள பின்பற்றலை ஏற்றுக்கொண்டவரே. இதனை மறந்து அவரை வெறும் மேலை எதிர்ப்பாளராகக் காட்டுவோர் அவரைப் படித்தவராகார்.

1977இல் வெளிவந்த அவரது பெருநூல், ‘சோம்பேறிச் சுதேசி’ என்னும் கட்டுக்கதையை ஆராய்வது. மலாய்க்காரரும் சாவகத்தாரும் பிலிப்பினோ மக்களும் சோம்பேறிகள் என்று குடியேற்ற ஆட்சியினர் எழுதி வைத்ததன் காரணத்தை அந்நூல் துருவுகிறது. தோட்டத்திலும் சுரங்கத்திலும் கூலியாக நிற்க மலாய்க்காரர் மறுத்தனர். மறுப்புக்குச் சோம்பல் என்று பெயர் சூட்டப்பட்டது. தமிழாசிரியர் இந்நூலைப் படிக்கையில் சற்று நின்று எண்ண வேண்டும். மறுக்க இயலாதவர்க்குச் சூட்டப்பட்ட பெயர் என்ன? ‘உழைப்பாளி’ என்பதே. நம் முன்னோர்க்குக் கிடைத்த அப்பாராட்டும் அதே பேனாவிலிருந்து வந்ததுதான்.

இவ்வெண்ணத்தோடு, சென்ற ஆண்டு எம் மாணவரை ஓர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். அதன் பெயர் இங்கு வேண்டா. இரப்பர்த் தொழிலுக்கென ஒரு கூடமே அங்கு உண்டு. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்ததும், 1888இல் பூமலைத் தோட்டப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்திற்கு ஊறின்றிப் பாலெடுக்கும் முறையை வகுத்ததும் சுவர் நிறைய எழுதப்பட்டிருந்தன. எழுதியதில் பிழையொன்றுமில்லை. கண்ணாடிப் பேழையில் ஒரு பால்வெட்டும் கத்தி. அருகே காண்டாக் கம்பும் இரு வாளிகளும். கீழே பொருளின் பெயர் மட்டும். வெட்டியவர் யார், என்ன கூலி பெற்றார், எந்த லயத்தில் வாழ்ந்தார் என்பதற்கு ஒரு வரியுமில்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்ததும், கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றதும் அக்கூடத்திற்குத் தெரியாத செய்திகள். இடமில்லை என்பர். ரிட்லிக்கு இடமிருந்தது.

கூடத்தின் நடுவே சேலையுடுத்த பெண்ணொருத்தியின் உருவப் பொம்மை மரத்தருகே நின்றது. பின்சுவரில் நல்ல வெயில் தீட்டியிருந்தார்கள். எம் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி நெடுநேரம் அதனைப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்தப் பாட்டி நெற்றியில் விளக்கே இல்லையே?” என்றாள். அவள் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். வெயிலேற ஏறப் பால் ஓட்டம் குறையும். ஆதலால் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, விளக்கொளியில் மரத்துக்கு மரம் ஓடியவர்கள் அவர்கள். அங்கு விளக்கம் கூறிவந்த இளைஞர் ஒரு பட்டதாரி. அவரிடமும் அவள் மலாயில் கேட்டாள். கையிலிருந்த தாளைப் புரட்டியவர், “இதில் அதைப் பற்றி இல்லை” என்று பணிவாகவே விடையிறுத்தார். பொய் சொல்லவில்லை, தாளிலுள்ளதைச் சொல்லவே அவர் பயிற்றப்பட்டிருந்தார். அந்நேரம் வேறொரு பள்ளி மாணவர்கள் சுவரிலிருந்த ஆண்டுகளைப் பயிற்சித் தாளில் பெயர்த்தெழுதிக் கொண்டிருந்தனர். கோடிட்ட இடங்கள் நிரம்பியதும் பேருந்துக்கு விரைந்தனர்.

பேராசிரியர் வரைந்த சிறைப்பட்ட மனத்தின் இலக்கணம் முழுவதும் அக்கூடத்தில் இருந்தது. பொருள் நம்முடையது, அதனைப் பற்றிய வினா பிறருடையது. தோட்ட முதலாளி எதை அறிய விரும்பினாரோ அதையே நம் பிள்ளைகளும் அறிந்து திரும்புகின்றனர்: கன்று எப்போது வந்தது, பால் எவ்வாறு பெருகியது.

எனினும் ஓரிடத்தில் நான் அவரோடு மாறுபடுகிறேன். தம் ‘வளரும் சமுதாயங்களில் அறிவாளிகள்’ என்னும் நூலில், செயற்படும் அறிவாளர் குழு ஒன்று உருவாதலையே அவர் பெரிதும் வேண்டுகிறார். நோய் பல்கலைக்கழகத்தில் முற்றுகிறது, ஒப்புகிறேன். ஆனால் அங்கேதான் அது தோன்றுகிறது என்பதை ஏற்பதற்கில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகிய பன்னிரண்டு வயதுக் கைதான் பின்னாளில் ஆய்வேட்டையும் எழுதுகிறது. தன் சிறையை அறியாத மனத்தைத் தட்டியெழுப்புவது யார் என்ற வினாவுக்கு அவர் கட்டுரைகளில் எனக்குத் தெளிவான விடை கிட்டவில்லை. அக்கூடத்தில் எழுந்த ஒரே புதிய வினா, எந்த அறிவாளர் குழுவிலிருந்தும் வரவில்லை. பாட்டி சொல்லக் கேட்ட ஒரு சிறுமியிடமிருந்து வந்தது.

ஆசிரியப் பயிற்சியில் இருப்போர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. என் பார்வைக்கு வரும் பாடக்குறிப்புகளில் ஆசிரியர் கேட்க வேண்டிய வினாக்களுக்குத் தனிப் பகுதி உண்டு. மாணவர் கேட்கக்கூடிய வினாவுக்கு இடம் விட்ட குறிப்பு மிக அரிது. திரும்பி வந்தபின், அம்மாணவியின் வகுப்பினர் தம் வீட்டு முதியோரிடம் வினவி, அப்பேழைக்குரிய குறிப்பைத் தாமே எழுதினர். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், கிராணி என்று அகராதியில் எளிதிற் கிட்டாத சொற்கள் அவற்றில் நிறைந்திருந்தன. அவற்றுள் சிலவற்றை அவ்வருங்காட்சியகத்திற்கு மலாயில் பெயர்த்து அனுப்பியுள்ளோம். இன்னும் மறுமொழி வரவில்லை.