வேரா மென்சிக்: நிதானத்தின் ஆட்டம்

உலகப் பெண்கள் சதுரங்கத்தின் முதல் சாம்பியன் வேரா மென்சிக். 1906இல் மாஸ்கோவில் பிறந்தார்; தந்தை செக் நாட்டவர், தாய் ஆங்கிலேயர். ஒன்பது வயதில் தந்தையிடம் ஆட்டம் கற்றார். ரஷ்யப் புரட்சிக்குப் பின், 1921இல் தாயோடும் தங்கை ஓல்காவோடும் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் குடியேறினார். அங்கே வாய்த்த ஆசான், ஹங்கேரியின் கேசா மரோட்சி. தற்காப்பிலும் இறுதிக்கட்ட ஆட்டத்திலும் கரைகண்டவர் அவர். அந்தப் பயிற்சி மென்சிக்கிடம் கடைசிவரை தங்கியது.

கறுப்புக் காய்களோடு உட்கார்ந்தால் அவர் விரும்பி ஆடியது பிரெஞ்சுத் தற்காப்பு. எதிராளி ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். இவர் ஒரே கட்டம் நகர்த்திவிட்டுக் காத்திருப்பார். இடம் குறுகும், ஒரு பிஷப் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடக்கும். அந்த நெருக்கடியைப் பொறுத்துக்கொண்டு, எதிராளியின் நடுச் சிப்பாய்களை மெல்ல அரிப்பதில்தான் ஆட்டத்தின் ருசி இருக்கிறது. காய்களைப் பலி கொடுத்து மிரட்டும் ஆட்டமே ஆட்டம் என்பவர்களுக்கு இது மந்தமாகத் தோன்றலாம். குறை அவர்கள் ரசனையில்தான்.

1927இல் லண்டனில் பட்டம் வென்றவர், 1939 வரை நடந்த ஏழு உலகப் போட்டிகளிலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. மொத்தம் 83 ஆட்டங்கள்: 78 வெற்றி, 4 டிரா, ஒரே ஒரு தோல்வி.

ஆனால் அவருடைய தரத்தை ஆண்களோடு ஆடிய போட்டிகளில்தான் எடைபோட வேண்டும். 1929இல் ராம்ஸ்கேட்டில் முன்னாள் உலக சாம்பியன் காப்பபிளாங்காவுக்கு அடுத்து, போலந்தின் ரூபின்ஸ்டைனோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தார். அதே ஆண்டு கார்ல்ஸ்பாடில், இவரிடம் தோற்பவர்கள் 'வேரா மென்சிக் கிளப்'பில் சேரட்டும் என்று கேலி பேசினார் ஆஸ்திரிய ஆட்டக்காரர் ஆல்பர்ட் பெக்கர். முதல் உறுப்பினர் அவரேதான்! அந்தப் போட்டியில் மென்சிக் கடைசி இடம் பெற்றார் என்பதையும் மறைப்பதற்கில்லை. பின்னாளில் உலக சாம்பியனான மாக்ஸ் யூவே இரண்டு முறை தோற்று அந்தக் கிளப்பில் சேர்ந்தார். பஞ்சாபிலிருந்து வந்து பிரிட்டனைக் கலக்கிய சுல்தான் கானும் தப்பவில்லை. ஆனால் காப்பபிளாங்காவையும் உலக சாம்பியன் அலெகைனையும் மென்சிக்கால் வெல்ல முடியவில்லை.

1944 ஜூனில், லண்டன் கிளாப்பம் பகுதியில் இருந்த மென்சிக்கின் வீட்டின் மீது ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டு விழுந்தது. தாய், தங்கையோடு அவரும் இறந்தார். அப்போதும் உலகப் பட்டம் அவரிடமே இருந்தது.

பெண்கள் சதுரங்க ஒலிம்பியாடின் கோப்பை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2024இல் புடாபெஸ்டில் அதை வென்றது, சென்னையின் வைஷாலி இடம்பெற்ற இந்திய அணி.