‘நீ’யிலிருந்து ‘அவன்’ வரை

தமிழில் காதல் பாட்டு கட்டுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் பால் கிடையாது. ‘அவன்’ என்றோ ‘அவள்’ என்றோ வாய் திறந்தால்தான் யார் யாரை விரும்புகிறார் என்பது தெரியும். தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்டவர்கள் ராக் இசையில் கடந்து வந்ததும் இந்தத் தூரத்தைத்தான்.

1979இல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் தொடங்கிய ‘ஹஸ்கர் டூ’ மூவர் குழு. கித்தார் வாசித்த பாப் மோல்ட் தன்பாலீர்ப்பாளர். வெறுங்காலோடு டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடிய கிராண்ட் ஹார்ட் இருபாலீர்ப்பாளர். ஆனால் ரசிகர்கள் பலர் சந்தேகப்பட்டது, முறுக்கு மீசை வைத்த கிரெக் நார்டனை! மூவரில் பெண்களை மட்டும் விரும்பியவர் அவர் ஒருவர்தான். மீசையை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. மோல்ட் தன் பாடல்களில் பாலைச் சுட்டும் சொற்களைத் தெரிந்தே தவிர்த்தார். 1984இல் வந்த ‘ஸென் ஆர்கேட்’ இரட்டை இசைத்தட்டின் 23 தடங்களில் ஓடுவது, வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பையனின் கதை. ஏன் வெளியேறுகிறான் என்பதை எத்தனையோ பேர் தத்தம் வீட்டை நினைத்து நிரப்பிக்கொண்டார்கள். 1994இல் ‘ஸ்பின்’ இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகே மோல்டின் ஈர்ப்பு ஊரறிந்த செய்தியானது. ஹார்ட் 2017இல் மறைந்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் 1991இல் உருவான ‘பான்ஸி டிவிஷன்’ மறைவே வேண்டாம் என்றது. ஆணை விரும்பும் ஆணாகவே பாடி, 1994இல் ‘கிரீன் டே’ குழுவின் பெரிய மேடைகளில் பதின்வயதுக் கூட்டத்தின் முன் நின்றது. அந்தத் துணிச்சலை நான் மிக மதிக்கிறேன்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் இடமுண்டு. பஞ்ச்கனி பள்ளி விடுதியில் ‘ஹெக்டிக்ஸ்’ குழுவில் பியானோ வாசித்த சிறுவன்தான் பிறகு ‘குயீன்’ குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி. 2016இல் மும்பையில் திருநங்கையர் அறுவரைக் கொண்டு ‘சிக்ஸ் பேக் பேண்ட்’ வந்தது. அது ராக் அல்ல, பாப்.

தமிழுக்கு வேடம் கட்டிப் பாடுவது புதிதல்ல. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகித் திருமாலுக்காக ஏங்கினார். எங்கள் நாரணாபுரம் பக்கத்து ஊர்ப் பொங்கலிலும், பெண் வேடமிட்டு ஆடும் ஆணின் நெஞ்சில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுக் கைதட்டுவார்கள். ஊசி குத்தாமல் இருக்க அவர் ரவிக்கையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வார். வேடம் கலைத்துச் சட்டை மாட்டியபின் அவரை நடத்தும் விதம் வேறு.

மதுரையிலிருந்து சென்னைக்கு வீட்டைவிட்டு வந்த இரு பெண்களின் வழக்கில், 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தார். ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்கும் தடை விதித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இழிவில்லாமல் அழைப்பதற்கான சொற்பட்டியலை 2022இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. சொல் கிடைத்துவிட்டது. இனி இந்த வட்டாரத்துப் பையன் ஒருவன் பொங்கல் மேடையில் கித்தாரோடு ஏறி, ‘அவன்’ என்றே பாடி, மறுநாள் காலை அதே சட்டையில் டீக்கடைக்கு வர வேண்டும். அவனுக்கும் எனக்குமாக இரண்டு டீ சொல்ல நான் அங்கே இருக்க வேண்டும்.