நன்றி கெட்டவளா எஸ்தர்?

“நாவலை முடித்தபோது அந்தப் பெண்மீது எனக்கு இரக்கம் பிறக்கவில்லை, ஆத்திரமே பிறந்தது.” எம்மிடம் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவியொருவர், சில்வியா பிளாத்தின் ‘த பெல் ஜார்’ பற்றிய தமது கட்டுரையை இவ்வாறு தொடங்கியிருந்தார். புலமைப்பரிசில், நியூயோர்க் நகரில் ஒரு மாதம், புத்தாடைகள், விருந்துகள் எல்லாம் கிடைத்த பெண் எதற்காக அழுகிறாள் என்பது அவருடைய வினா. தொழிற்சாலையில் நிற்கும் பெண்ணுக்கு இவ்வாறு சோர்ந்து கிடக்க நேரமுண்டா எனவும் அவர் கேட்டிருந்தார். அவ்வரியின் அருகே நாம் ‘நன்று’ என எழுதினோம். அவ்வாறு எழுதியது சரிதானா என்னும் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இந்நாவல் 1963 ஜனவரியில் லண்டனில் விக்டோரியா லூகாஸ் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. அடுத்த மாதமே, தமது முப்பதாவது வயதில், ஆசிரியை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பின்னர் நாவலைப் படிப்போர் பலர் அதில் அம்மரணத்தின் முன்னறிவிப்பைத் தேடுவதே வழக்கமாகிவிட்டது. இலக்கிய விமர்சனத்தின் பெயரால் நடைபெறும் இத்துப்பறியும் வேலையில் எமக்கு நாட்டமில்லை. கதைசொல்லி தன் குழந்தையைப் பற்றி ஆரம்பத்திலேயே ஓரிடத்திற் போகிற போக்கிற் குறிப்பிடுகிறாள். பிழைத்து வந்த ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை இது என்பதை அவ்வொரு குறிப்பே காட்டும்.

கதாநாயகி எஸ்தர் கிறீன்வூட் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி. ஒன்பது வயதில் தந்தையை இழந்தவள். தாய் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்பித்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். 1953 கோடையில், பெண்கள் சஞ்சிகையொன்றின் போட்டியில் வென்ற பன்னிருவருள் ஒருத்தியாக எஸ்தர் நியூயோர்க் செல்கிறாள். திரும்பி வந்ததும் அவளாற் படிக்க முடியவில்லை, எழுத முடியவில்லை, உறங்க முடியவில்லை. மூன்று வாரமாக உடையைத் துவைக்கவில்லை, தலை முழுகவுமில்லை. மறுபடியும் அழுக்காகப் போவதை ஏன் கழுவ வேண்டும் என்பது அவளுடைய வாதம். மனச்சோர்வு என்னும் நோயை அலங்காரச் சொற்களின்றி இத்தனை துல்லியமாகக் காட்டிய பக்கங்கள் நாவலிலக்கியத்தில் அதிகமில்லை.

இத்தகைய நூல்களைத் தனிமனித வாதம் என்றும் நசிவிலக்கியம் என்றும் ஒதுக்கிவிடும் பழக்கம் எம்மிடையே உண்டு. நாமும் அவ்வாறே ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் அம்மாணவியின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நாவலை மறுபடி படித்தபோது ஒன்று புலனாயிற்று. அக்கேள்வி நாவலுக்கு வெளியேயிருந்து வருவதன்று. நாவலின் உள்ளேயே பலர் அதனைக் கேட்கின்றனர். இவ்வளவு கிடைத்தும் உனக்கென்ன குறை என்பதே அவளைச் சூழ்ந்த உலகத்தின் ஓயாத வினா. தான் மகிழ்ந்திருக்க வேண்டியவள் என்பதை எஸ்தரும் அறிவாள். நன்றியுணர்வு வராமை அவளுக்கு நோயோடு சேர்ந்த இன்னொரு குற்றமாகிறது.

அந்நன்றியின் விலையை நாவல் டொலர் கணக்கிலேயே சொல்கிறது. முதலிற் பார்க்கும் டொக்டர் கோர்டனுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு இருபத்தைந்து டொலர். மேசைமீது தம் அழகிய குடும்பத்தின் படத்தை வைத்திருக்கும் அவர், நோயாளி எந்தக் கல்லூரியிற் படிக்கிறாள் என அறிந்ததும், யுத்த காலத்தில் அங்கிருந்த அழகிய படைப்பெண்களை நினைவுகூர்கிறார். அவருடைய மேற்பார்வையில் நிகழும் மின்னதிர்ச்சிச் சிகிச்சை வெறும் சித்திரவதையாக முடிகிறது. தற்கொலை முயற்சியிலிருந்து எஸ்தர் மீட்கப்பட்ட பின்னர், புலமைப்பரிசிலை வழங்கிய செல்வச் சீமாட்டி பிலோமினா கினி உதவிக்கு வருகிறாள். வருவதற்கு முன் ஒரு கேள்வி: இதில் எவனாவது ஓர் இளைஞன் சம்பந்தப்பட்டிருக்கிறானா? அப்படியாயின் அவள் தலையிடமாட்டாள். இல்லை, இனி எழுதவே முடியாதென அஞ்சுகிறாள் எனத் தாய் அறிவித்த பின்னரே தனியார் மருத்துவமனையின் கதவு திறக்கிறது.

தாயின் சேமிப்போ ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. சீமாட்டி இல்லாவிடில் நீ எங்கே இருப்பாயோ எனத் தாய் கூறும்போது, தான் எங்கே இருந்திருப்பாள் என்பது எஸ்தருக்குத் தெரியும்: பக்கத்திலேயே உள்ள அரசாங்க மனநோய் மருத்துவமனையில். நல்ல மருத்துவரான நோலன் அம்மையாரை அவள் சந்தித்ததும், அதே மின்சாரம் முறையாகச் செலுத்தப்பட்டு அவள் தேறியதும் இந்தச் சுவரின் இப்பக்கத்திலேதான். வர்க்கம் என்னும் சொல் நாவலில் இல்லாதிருக்கலாம்; அச்சுவர் இருக்கிறது. சோர்ந்து கிடக்கத் தொழிலாளிப் பெண்ணுக்கு நேரமில்லை என்பது உண்மைதான். ஆயின் நேரமில்லை என்பதனால் நோய் வராதிருப்பதில்லை, சிகிச்சைதான் வராதிருக்கிறது. எமது ‘நன்று’ இவ்விடத்திலேயே பிழைத்தது.

இன்னுமொன்று. நாவல் எஸ்தரின் துயரத்தோடு மட்டும் தொடங்கவில்லை. 1953 ஜூன் 19ஆம் திகதி ஜூலியஸ், எதெல் ரோசன்பேர்க் தம்பதியர் மின்சார நாற்காலியிற் கொல்லப்பட்ட கோடை என்றே காலத்தைக் குறிக்கிறது. சஞ்சிகையில் உடனிருக்கும் யுவதியொருத்தி, அவர்கள் சாகப்போவது தனக்கு மகிழ்ச்சியே என்கிறாள். ஒருத்தியின் மனம் முறிவதையும் ஒரு நாடு பீதியில் இறுகிக் கிடப்பதையும் ஒரே வாக்கியத்தில் வைத்த எழுத்தை அரசியலற்றது எனல் பொருந்தாது.

எனினும் இந்நாவலை முழுமையாக வியப்பதற்கு எம்மால் இயலவில்லை. நகர மருத்துவமனையில் உணவு பரிமாறும் கறுப்பின ஊழியரை எஸ்தர் காலால் உதைக்கிறாள். நோயுற்றவள் உதைத்தாள் என்பதன்று எமது குறை. அம்மனிதரைக் கண்ணை உருட்டும் கோமாளியாக வரைந்தது எஸ்தரின் நோயன்று, ஆசிரியையின் பார்வையே. தன் சிறையைத் துலக்கமாகக் கண்ட கண், பக்கத்தில் நின்றவரின் சிறையைக் காணவில்லை.

தலைப்பிலுள்ள ‘பெல் ஜார்’ எமது மாணவர் ஆய்வுகூடத்தில் அறிந்த மணிச்சாடிதான். உள்ளே மின்மணியொன்றை ஒலிக்கவிட்டு வளியை வெளியேற்றுவோம். சுத்தியல் அடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஓசை மட்டும் தேய்ந்து மறையும். பிளாத் இச்சாடியை வேறு பொருளிலே கையாள்கிறார்: உள்ளிருப்பவள் தன் சொந்தப் புளித்த மூச்சையே மீண்டும் மீண்டும் சுவாசிக்கிறாள் என்பது அவர் கருத்து. எமக்கோ வெளியே நின்று ஓசை கேளாதிருப்பவரின் நினைவே முதலில் வந்தது.

கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், அதன் கடைசிப் பக்கத்தில் மாணவி எழுதிப் பின் அடித்துவிட்ட ஒரு வரியைக் கண்டோம். அவருடைய சம்மதத்தோடு அதை இங்கு எழுதுகிறோம்: “எனக்கும் படிக்க உதவுகிறவர்கள் உண்டு; சில காலைகளில் எழும்பவே மனமில்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?” முதல் வரியின் ஆத்திரம் எங்கிருந்து வந்ததென அப்போதே விளங்கிற்று. நாம் ‘நன்று’ என்பதை வெட்டினோம். மாலையில் அவரும் நாமும் வகுப்பறையிலிருந்து நெடுநேரம் பேசினோம். நாவலைப் பற்றி அல்ல.