மழையில் மலை ரயில் ஏறுங்கள்

மழைக்காலத்தில் நீலகிரி மலை ரயில் டிக்கெட்டைக் குடும்பத்தோடு ரத்து செய்கிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே: "ஒண்ணும் தெரியாதே." என்ன தெரிய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பயணக் கட்டுரைக்காரர்கள் "ஏப்ரல், மே ஏற்றது" என்று எழுதிவிட்டுத் தேயிலைப் பச்சையை வர்ணிக்கப் போய்விடுகிறார்கள். அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், ஊட்டிவரை 1908இலும் திறந்த மீட்டர்கேஜ் பாதை, 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், கல்லாறு தாண்டியதும் ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி ஏற்றம், அதற்காகக் குன்னூர்வரை நடுவே பல் தண்டவாளம், எஞ்சின் பள்ளத்துப் பக்கம் நின்று மேலே தள்ளும். போதும்.

இதில் 250ஐ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தனை பாலம் எதற்கு? பாதை கடக்கும் பள்ளங்களில் பெரும்பாலானவை மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஓடைகள். மே மாதத்தில் போகிறவர் காய்ந்த பாறைக்கு மேல் எதற்கோ போட்டுவைத்த இரும்பைப் பார்த்துவிட்டு வருகிறார். தண்ணீர் பாய்ந்து வரும்போதுதான் அந்தப் பாலம் ஏன் அந்த இடத்தில், அந்த அகலத்தில் நிற்கிறது என்பது விளங்கும். மழைக்குப் பதில் சொல்வதற்கென்றே கட்டிய பாதையை வெயிலில் பார்ப்பது பாதிப் பார்வை.

ஆனால் எந்த மழை? இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஜூன், ஜூலையில் வரும் தென்மேற்குக் காற்று மலையின் மேற்கே கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, குன்னூருக்கு வரும்போது பெரும்பாலும் தூறலாக இளைத்திருக்கும். அதில் ஓடைகள் பெரிதாகப் பெருகுவதில்லை. குன்னூர் தாண்டி வரும் கேத்தி ஸ்டேஷனுக்கு அந்தத் தூறல் அழகுதான்: பள்ளத்தாக்கின் கேரட், உருளைக்கிழங்குப் பாத்திகள் மேகம் விலக விலக ஒவ்வொரு படியாக வெளிவரும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழை வேறு ஜாதி. வங்கக் கடலிலிருந்து வந்து, ரயில் ஏறுகிற அதே கிழக்குச் சரிவில் நேரே மோதும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஹில்குரோவ், ரன்னிமேடு பக்கம் பாறையெல்லாம் அருவியாகும். தூறலில் ஒருமுறை போய்விட்டு "மலை ரயில் மழையைப் பார்த்தாச்சு" என்பவர் இன்னும் எதையும் பார்க்கவில்லை.

மண் சரியுமே என்பீர்கள். சரியும், அப்போது ரயிலையே நிறுத்திவிடுவார்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் போகாதீர்கள், திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வையுங்கள். மண் சரிவது ரசனையைக் குறை சொல்லும் வாதமாகாது. ஈரத்தில் சக்கரம் வழுக்காதா என்று பாட்டி கேட்டால், செங்குத்தான பகுதியில் எஞ்சினின் பல் தண்டவாளப் பல்லைக் கவ்விக்கொண்டிருப்பதைச் சொல்லுங்கள். பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்மேனையும் காட்டுங்கள். பிள்ளைகளுக்குச் சலிப்பா? செல்போனை வாங்கி வைத்துவிட்டு, தண்ணீர் ஓடும் பாலங்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

உங்களுக்கு மட்டும் இன்னொன்று. அக்டோபரில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். ஊரெல்லாம் அடித்துப் பிடித்து ஏறுகிற காலை ரயில் பல நாள் காய்ந்தே மேலே போய்விடும். நீங்கள் பஸ்ஸில் ஏறிப் போய், பிற்பகல் ஊட்டியிலிருந்து இறங்கும் ரயிலுக்கு டிக்கெட் எடுங்கள்.